மைதானத்திலிருந்து அரசியலுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் போதும், பதக்கம் வாங்கிய ஒருவரை அழைத்துக்கொண்டு சில இளைஞர்கள் எங்களைப் போன்ற பூத் வேலை பார்ப்பவர்களைத் தேடி வந்துவிடுவார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். மேடைக் கூச்சம், நோட்டீஸில் எழுத்துப்பிழை எல்லாம் தானாகச் சரியாகிவிடும். பல ஆண்டுகள் அரசியலில் நிற்க நினைப்பவர் கவனிக்க வேண்டியவை வேறு.

கூட்டத்தை வாக்கு என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 1992இல் உலகக் கோப்பையை வென்ற கேப்டன் இம்ரான் கான் 1996இல் கட்சி தொடங்கினார். பாகிஸ்தானில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. லாகூரில் புற்றுநோய் மருத்துவமனையும் கட்டியிருந்தார். இருந்தும் 1997 தேர்தலில் கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. 2002இல் மியான்வாலியில் அவர் ஒருவர்தான் ஜெயித்தார். பிரதமரானது 2018இல்.

கூட்டம் ஆளைப் பார்க்க வருகிறது. பார்த்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு சட்டமன்றத் தேர்தலில் முன்னாள் தடகள வீரர் ஒருவருக்காக வேலை பார்த்தோம். போன தெருவெல்லாம் செல்ஃபி, ஆரத்தி. வாக்குப்பதிவு அன்று விடியற்காலை இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்குப் போனால், பல பூத்களில் எங்கள் ஏஜென்ட் நாற்காலி காலி. ஏஜென்ட் நியமனத்துக்கான படிவம் 10 வாங்கிப்போன பையன்களில் சிலர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் திரும்பவே இல்லை. மாலையில் 17சி படிவத்தைக் கேட்டு வாங்கவும் ஆளில்லை. அந்த பூத்தில் எத்தனை வாக்கு பதிவானது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது கையில் இல்லாமல் எண்ணிக்கை மேசையில் எதோடு எதை ஒப்பிடுவது?

செல்ஃபி எடுத்தவர்களில் பத்து பேரையாவது வாக்காளர் பட்டியலோடு உட்கார வையுங்கள். இறந்தவர் யார், குடிமாறிப் போனவர் யார், திருப்பூரில் வேலை பார்ப்பவர் வாக்களிக்க ஊருக்கு வருவாரா என்று வீடு வீடாகக் கேட்டுக் குறிக்கட்டும். இதைத் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு செய்ய நேரமே இருக்காது.

எடுத்த எடுப்பில் பெரிய பதவி

அமெரிக்காவின் ஜிம் பன்னிங் 1964இல் பேஸ்பாலில் பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாத ஆட்டம், வீசியவர். அந்தப் பெயரை வைத்தே பெரிய பதவிக்குக் குறிவைத்திருக்கலாம். ஆனால் 1977இல் கென்டக்கியின் ஃபோர்ட் தாமஸ் நகர மன்றத்தில் தொடங்கினார். அப்புறம் மாநில செனட். 1987 முதல் பிரதிநிதிகள் சபையில் 12 ஆண்டு, 1999 முதல் அமெரிக்க செனட்டில் 12 ஆண்டு. நம்மிடம் வருபவர்களிடம் வார்டு உறுப்பினர் பதவியைப் பற்றிப் பேசினாலே முகம் சுருங்குகிறது. தெருவிளக்குப் புகார் எந்த மேசையில் போய்த் தேங்கும் என்பதை வேறு எங்கே கற்றுக்கொள்வார்கள்?

பழைய பதக்கத்தையே பேசுவது

முதல் கூட்டத்தோடு நிறுத்துங்கள்.

விளையாட்டுச் சங்கப் பதவியையும் விடாமல் வைத்திருப்பது

வேண்டாம்.

தோற்றதும் தொகுதியை விட்டுப் போவது

இந்தியக் கிரிக்கெட் கேப்டனாக இருந்த பட்டோடி 1971இல் குர்கானில் தோற்றார். அடுத்து நின்றது 20 ஆண்டு கழித்து, போபாலில், அங்கும் தோல்வி. பன்னிங்கும் 1983இல் ஆளுநர் தேர்தலில் தோற்றவர்தான். ஆனால் அதே கென்டக்கியில் இருந்து 1986இல் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார். தோற்றவர் முதலில் படிவம் 20ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும். நமக்கு மிகக் குறைவாக விழுந்த பூத்துக்கு அடுத்த வாரமே போய் நில்லுங்கள், மாலை இல்லாமல், மைக் இல்லாமல்.