தண்டல் வாங்கும் முன் ஒரு பாதிக் கணக்கு

தண்டலோ, வாரத் தவணைக் குழுக் கடனோ வாங்கும் முன், கைக்கு வரும் பணத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதிக்கு வட்டி போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்று சொல்லி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தால், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 8,500-இல் பாதி 4,250. அதற்கு 1,500 வட்டி, அதுவும் மூணேகால் மாதத்துக்கு! மாதம் நூற்றுக்கு 10 ரூபாய்க்கு மேல் வருகிறது.

ஏன் பாதி? முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறது. சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்களிடம் நிற்கிறது, வட்டியை மட்டும் முழுத் தொகைக்கு வாங்கிவிடுகிறார்கள்.

மேட்டூர் திறந்து, குறுவை நடவுக்குக் கூலிப் பணம் தேடும் ஜூனில் இந்தக் கணக்கை அவசியம் போடுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிச் சான்றுகளுக்கு நாலு நாள் அலைந்தாலும் தயவுசெய்து முதலில் அங்கே போங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

மாதாமாதம் வட்டி மட்டும் கட்டி, அசலைக் கடைசியில் மொத்தமாக அடைக்கும் கடனுக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. அதற்குக் கைக்கு வந்த முழுத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘அஞ்சு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு 5 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60 சதவீதம்.