ஹைலக்ஸில் சவுண்ட் போடப் போகிறீர்களா? காசு வீணாகும் இடங்கள்

கோலாலம்பூரின் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கும் காடி அக்சசரி கடைக்குள் ஒரு பிக்கப் நுழைந்தால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்: “பாஸ், பேஸ் முதுகுல வந்து அடிக்கணும்.” கொஞ்ச நேரத்தில் 12 அங்குல சப்வூஃபர், ஆம்ப்ளிஃபையர், பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு பிளேயர் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் விலை பேசி முடிந்துவிடும். கதவைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள், ஒயரைப் பற்றியும்தான். பிக்கப்பில் சத்தம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான்.

மைவி போன்ற சின்னக் காரில் நன்றாகப் பாடிய அதே செட் ஹைலக்ஸிலோ ட்ரைட்டனிலோ ஏன் சொதப்புகிறது? பிக்கப்பில் பூட் (காரின் பின்பக்கச் சாமான் அறை) கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னால் சில அங்குல இடம், அதற்கடுத்து மெல்லிய தகரச் சுவர், அவ்வளவுதான். டீசல் எஞ்சினின் உறுமலும் ஆல்-டெரெய்ன் டயரின் இரைச்சலும் பாட்டின் கீழ்ச் சத்தத்தை, அதாவது பேஸை, விழுங்கிவிடுகின்றன. நிறுத்தி வைத்த வண்டியில் கடைக்காரர் போட்டுக் காட்டும்போது பிரமாதமாக இருக்கும். அதே வண்டியைக் காராக் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் பேஸைக் காணோம். உடனே அடுத்த ஆம்ப் வாங்கக் கிளம்புகிறோம்.

கதவை விட்டுவிட்டு ஸ்பீக்கரை மாற்றுவது

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் எதிர்த் திசையில் ஓர் அலை கிளம்புகிறது. இரண்டும் சந்தித்தால் பேஸ் அடிபட்டுப் போகும். அவற்றைப் பிரித்து வைக்கும் வேலை கதவினுடையது. ஆனால் கதவின் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கின்றன. ஃபோர்மேன் ஜன்னல் மோட்டாரைக் கழற்றுவதற்காக விட்ட துளைகள் அவை. அவற்றை அடைக்காமல் எந்த விலைக்கு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினாலும் தவில் அடி தகர டப்பாவில் தட்டியது போலத்தான் கேட்கும்.

துளைகளை அடைத்து, வெளித்தகட்டின் உள்பக்கம் நடுவில் பியூட்டைல் மேட் (அதிர்வை அடக்கும் ரப்பர் ஒட்டுத்தாள்) ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. கால்வாசி மூடினாலே அதிர்வு நன்றாக அடங்கும். தார் கலந்த மலிவு மேட்டை மட்டும் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நிற்கும் கதவுக்குள் அது இளகும், நாறும், சில மாதத்தில் கழன்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் உண்டு. கோலாலம்பூரின் மாலை மழை ஜன்னல் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது வழக்கமான விஷயம்தான். மேட் ஒட்டுகிற ஆர்வத்தில் அந்தத் துளைகளையும் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்படியே மூடிவிடும் கடைகளும் இருக்கின்றன. அந்தத் தாள்தான் தண்ணீர் உள்ளே கசியாமல் தடுக்கிறது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கடை முதலாளி தவுக்கே கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஸ்பீக்கரைப் பொருத்தும் வளையத்திலும் இதே தண்ணீர்ப் பிரச்சினை. டொயோட்டா வண்டிகளின் முன் கதவில் 6×9 நீள்வட்ட இடம் இருப்பது சாதாரணம். அதில் வட்டமான 6.5 அங்குலம் போட அடாப்டர் வளையம் தேவை. எம்டிஎஃப் என்னும் மரநார்ப் பலகையில் வெட்டிக் கொடுத்தால் ஈரம் குடித்து உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையமாகக் கேட்டு வாங்குங்கள். காந்தத்தின் ஆழத்தையும் அளந்து பார்க்க வேண்டும். கண்ணாடியை முழுக்க இறக்கும்போது அது காந்தத்தில் இடித்தால் அப்புறம் ஜன்னலா ஸ்பீக்கரா என்று முடிவெடுக்க வேண்டி வரும்.

பின்சுவருக்கும் மேட் ஒட்டுவது நல்லதுதான். டயர் சத்தம் கணிசமாகக் குறையும். ஆனால் பின் சீட்டுக்குப் பின்னால் காற்று வெளியேறுவதற்கென ரப்பர் மடல் வைத்த திறப்புகள் இருக்கும். அவற்றை மூடிவிட்டால் கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்தும், ஏர்கான் காற்றோட்டமும் மந்தமாகும்.

ஒயரில் மிச்சம் பிடிப்பது

பெட்டியில் போட்டிருக்கும் “1500 வாட்” என்பது ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். பிளேயரில் “50 வாட் × 4” என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து வருவது சேனலுக்குப் பதினைந்து, இருபது வாட்தான். அதனால்தான் தனி ஆம்ப் தேவைப்படுகிறது. ஆம்ப் வந்ததும் கரண்ட் கணக்கும் வந்துவிடுகிறது.

500 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் செயல்திறன் சுமார் 80 சதவீதம், மீதி சூடாகப் போய்விடும். ஆக உள்ளே போக வேண்டியது 625 வாட். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 13.8 வோல்ட் என்றால் முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முன்னால், ஆம்ப் பின் சீட்டில். ஒயர் வளைந்து நெளிந்து போகும் தூரம் ஐந்து மீட்டரைத் தொடும். இதற்கு 4 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) செம்பு ஒயர் போட்டால் வழியில் இழப்பது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. பேக்கேஜில் கொடுக்கும் 8 கேஜ், அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் முக்கால் வோல்ட் வரை வழியிலேயே போய்விடும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் டாஷ்போர்டு விளக்கு மங்குவதைப் பார்த்து பேட்டரியை மாற்றுபவர்கள் பலர். முதலில் ஒயர் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். ஒயர் வெளியே தடிமனாக இருப்பதில் ஏமாறாதீர்கள், ரப்பர் உறைதான் தடிமன். ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் முழுச் செம்பு ஒயரை மீட்டர் கணக்கில் கேட்டு வாங்கலாம்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் இருப்பது ஆம்பைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்றுகிறது, ஒயர் வழியாக உங்கள் வண்டியையும். ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால் நடுவில் எங்காவது ஒயர் உரசித் தகரத்தில் பட்டதும் முழு பேட்டரியும் அந்த இடத்தில் கொட்டும். தீப்பிடிக்க வேறொன்றும் தேவையில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து ஒயர் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் இது நடக்கக் காத்திருக்கிறது. தோட்டப்புறச் செம்மண் சாலையில் குலுங்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம்.

எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, விஷயத்தில் பிக்கப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கேபின் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் மின்சாரத்தால் இணைப்பது ஒன்றிரண்டு மெல்லிய பட்டைகள். கேபின் தகரத்தில் ஆம்பின் எர்த்தைக் கொடுத்தால் அவ்வளவு கரண்ட்டும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பெரிய ஆம்ப் போடுபவர்கள் கேபினிலிருந்து சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் தடித்த ஒயர் ஒன்று கூடுதலாக இழுத்துவிடுவது நல்லது. நெகட்டிவ் முனையில் சென்சார் வைத்த புது வண்டியாக இருந்தால், ஒயரை முனையில் நேரடியாக மாட்டாமல் சேசிஸ் பக்கம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று வண்டிக்கே தெரியாமல் சார்ஜிங் கணக்கு தப்பும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்க வைக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

எஞ்சினை முறுக்கினால் ஸ்பீக்கரில் “ஈஈ” என்று ஏறும் சத்தம் கேட்கிறதா? எர்த் சரியில்லை, அல்லது பிளேயரிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளும் பவர் ஒயரும் ஒரே பக்கம் சேர்ந்து போகின்றன. ஒன்று வலது, ஒன்று இடது என்று பிரித்துவிடுங்கள். காலையில் பேட்டரி செத்துக் கிடந்தால் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரை எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில் கொடுத்திருப்பார்கள்.

சப்வூஃபருக்காக சீட்டைப் பலி கொடுப்பது

12 அங்குலப் பெட்டியைப் பின் சீட்டுக்குப் பின்னால் திணித்து, சீட் சாய்மானம் பூட்டாமல் முன்பக்கம் சாய்ந்து நிற்க, “பரவால்ல, பின்னாடி யாரும் உக்கார்றதில்ல” என்று ஓட்டுபவர்கள் உண்டு. பிள்ளைகள் ஒருநாள் உட்காரத்தான் செய்வார்கள். பூட்டாத சீட்டும் அதன் பின்னால் கனமான பெட்டியும் விபத்தில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜேக்கும் ஸ்பேனரும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன என்பதும் டயர் பஞ்சரானால்தான் நினைவுக்கு வரும்.

உண்மையில் பிக்கப் கேபினுக்கு அவ்வளவு பெரிய சப் தேவையே இல்லை. சின்ன அறைக்குள் அடைபட்ட கீழ்ச் சத்தம் தானாகவே பலம் பெறும். இந்த அளவு கேபினில் ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தொடங்குகிறது. அதனால் மூடிய பெட்டியில் மெலிந்த 10 அங்குல சப் ஒன்று, அந்த சப்புக்குத் தயாரிப்பாளர் சொன்ன கொள்ளளவில் சரியாக இருந்தால் போதும். கொள்ளளவைக் குறைத்து இடத்துக்கேற்ற பெட்டி அடித்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே “தும் தும்”தான் வரும். சீட்டுக்கு அடியில் போடும் 8 அங்குல ஆக்டிவ் சப்பை (ஆம்ப் உள்ளேயே இருப்பது) சிலர் கேலி செய்வார்கள். கதவு வேலை ஒழுங்காக நடந்த வண்டியில் அது போதும் என்பது என் கட்சி. உடல் அதிரும் பேஸை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இரட்டைக் காயில் சப் என்றால் ஓம் (மின்தடை) கணக்கை மறக்க வேண்டாம். 4+4 காயிலைப் பேரலலாகக் கொடுத்தால் 2 ஓம், சீரிஸில் 8. ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால் அப்படிப்பட்ட சப் இரண்டைப் பேரலலாக மாட்டினால் 1 ஓம் ஆகி ஆம்ப் சுடச்சுட அணைந்துவிடும்.

ஆம்பைத் தரைக் கம்பளத்தின் மேலேயே வைக்காதீர்கள். மழைக் காலணி, ஏர்கான் ஒழுக்கு, திடீர் வெள்ளம் எல்லாமே முதலில் வந்து சேருமிடம் அது. பலகையில் உயர்த்திப் பொருத்துங்கள், காற்றும் படட்டும். ஒயர் இழுக்கச் சீட்டைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிற சாக்கெட் இருந்தால் அது ஏர்பேக்குக்கானது. பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும். கண்ணாடி ஓரத் தூணில் ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒட்டும் ஆசை வந்தால், அதற்குள் திரைச்சீலை ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கெய்னை வால்யூமாகத் திருகுவது

ஆம்பில் உள்ள கெய்ன் திருகு, பிளேயர் தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு. அதை ஏற்றி வைத்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு ட்வீட்டர்தான் முதலில் கருகும். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நீங்களே செய்யலாம். ஈக்வலைசரைத் தட்டையாக்கி, பிளேயர் வால்யூமை முக்காலுக்கு வையுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, முழு அளவில் பதிவான 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். சப்புக்கு 50 ஹெர்ட்ஸ். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5. மீட்டர் அதைக் காட்டும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம் கிராஸ்ஓவர், எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்கு மேலே உள்ளது மட்டும்), சப்புக்கு அதே 80-இல் லோ-பாஸ் (கீழே உள்ளது மட்டும்) என்று தொடங்கி, காதுக்கேற்பக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். டிஎஸ்பி (சத்தத்தை டிஜிட்டலாகச் சரிசெய்யும் கருவி) இருந்தால் நேரத் தாமதத்தையும் சரி செய்யுங்கள். நமக்கு ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், வலது ஸ்பீக்கர் காதுக்குக் கிட்ட. சத்தம் ஒரு மில்லி நொடியில் சுமார் 34 செ.மீ. போகும். இடது ஸ்பீக்கர் 60 செ.மீ. கூடுதல் தூரத்தில் இருந்தால், வலதைக் கிட்டத்தட்ட 1.75 மில்லி நொடி தாமதப்படுத்த வேண்டும். பாடகர் கதவிலிருந்து எழுந்து டாஷ்போர்டின் நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். புது சப் தராத சந்தோஷம் இது.

அவசரத்தில் முடித்த வேலையில் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருப்பது ரொம்ப சகஜம். பேலன்ஸை நடுவில் வைக்கும்போது பேஸ் மெலிந்து, ஒரு பக்கம் திருப்பியதும் கூடினால் அதுதான் கோளாறு. ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக ஒரு கணம் தொட்டு எடுத்தால் எல்லாக் கூம்புகளும் வெளிப்பக்கமே அசைய வேண்டும்.

சோதனைப் பாட்டுக்குக் கடைக்காரரின் டெமோ வேண்டாம். உறுமி மேளப் பதிவு ஒன்றை யூஎஸ்பியில் கொண்டுபோங்கள். உறுமியின் இழுவை ஏறி இறங்கும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொங்கினால் பெட்டி சரியில்லை. நாதஸ்வரம் காதைக் குத்தினால் ட்வீட்டரை இறக்கச் சொல்லுங்கள். வானொலியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒலிபரப்பில் சத்த வித்தியாசம் ஏற்கெனவே அமுக்கப்பட்டிருக்கும்.

கோயில் திருவிழாவில் கதவுகளைத் திறந்துவிட்டு எஞ்சினை நிறுத்திப் பாட்டுப் போடுபவர்களுக்கு: வண்டியின் பேட்டரி ஸ்டார்ட் செய்வதற்காக உருவானது, மணிக்கணக்கில் கரண்ட் கொடுக்க அல்ல. டீசல் எஞ்சினைக் கிளப்பவே அதிகக் கரண்ட் வேண்டும். சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை டாஷ்போர்டில் பொருத்துங்கள். பாட்டை நிறுத்திப் பார்க்கும்போது 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2-க்கு வந்தால் பாதி போய்விட்டது, எஞ்சினைப் போட்டுவிடுங்கள்.