மலையகத்துக்குப் புதிதா? டிஷ்ஷா பைபரா என்று முடிவு செய்யுமுன் மேற்கே பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ, கல்யாணமாகியோ இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "டிவிக்கு என்ன போடலாம்?" எது மலிவு, எதில் சேனல் அதிகம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஹட்டனில் வந்து இறங்கியபோது நானும் அப்படித்தான். இப்போது யாராவது கேட்டால், விலையை அப்புறம் பாருங்கள், முதலில் வாசலில் நின்று ரோட்டையும் மேற்கு வானத்தையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இங்கே சாட்டிலைட்டுக்குச் செய்மதி என்று பெயர். நல்ல சொல், எனக்குப் பிடித்துவிட்டது. அதிகம் காதில் விழும் பெயர்கள் இரண்டு. கூரையில் டிஷ் வைத்துச் செய்மதி வழியாகத் தருவது டயலொக் டிவி. எஸ்எல்டி மொபிடெல்லின் பியோ டிவி இன்டர்நெட் லைனோடு சேர்ந்து வருவது. முன்பு டெலிபோன் செம்புக் கம்பியில் வந்தது, இப்போது பைபர் போன இடங்களில் பைபரில் வருகிறது. சன், விஜய், ஜீ தமிழ் என்று உங்களுக்கு வேண்டிய சேனல்களைப் பெயர் சொல்லியே கேளுங்கள். "தமிழ் பேக்கேஜ் இருக்கிறது" என்ற பதிலை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேற்கு வானம் எதற்கு? ஊரில் சன் டைரக்ட் டிஷ் கிழக்கும் தென்கிழக்குமாக அண்ணாந்து நிற்கும். டயலொக் டிவியின் செய்மதி கிழக்குத் தீர்க்கரேகை 45 பாகையில் இருக்கிறது, மலையகத்திலிருந்து பார்த்தால் மேற்கே, பாதி வானத்துக்குச் சற்று மேலே. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கூரைகளில் டிஷ்ஷெல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் உயரமான மரமோ, வீட்டை ஒட்டிய செங்குத்து மலையோ இருந்தால் படம் வராது. நான் முதலில் குடியிருந்த வீட்டுக்கு மேற்கே ஒரு டர்பன்டைன் மரம். டிஷ் வைத்தபோது கிளைகளுக்கு நடுவே வழி இருந்தது. அடுத்த வருடம் மரம் வளர்ந்து அதை அடைத்துவிட்டது. மரம் தோட்டத்துக்குச் சொந்தம், வெட்டவும் முடியாது. கடைசியில் டிஷ்ஷைக் கழற்றிக் கோழிக்கூட்டு மேல் மாட்டினேன்.

அடுத்தது மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தில்தான் கொட்டும். அது வரும் திசையும் டிஷ் பார்க்கும் திசையும் கிட்டத்தட்ட ஒன்று. கனத்த மழைத்துளிகள் செய்மதியிலிருந்து வரும் அலையை விழுங்கிவிடும், படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். சீரியலில் உண்மை வெளிவரும் நிமிடமாகப் பார்த்து அது நடக்கும் என்பது என் அனுபவம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை டிசம்பர், ஜனவரியில். பனிமூட்டத்தைப் பலர் திட்டுகிறார்கள், பாவம், அதன்மேல் குற்றமில்லை. மூட்டத்தின் துளிகள் மிகச் சிறியவை, சிக்னலை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் டிஷ்ஷின் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற சின்னக் கருவிக்குள் ஈரம் இறங்கியிருக்கும், அல்லது காற்றில் டிஷ் ஒரு விரல் அளவு திரும்பியிருக்கும். தோட்டத்துக்கு ஒரு பையன் இதைச் சரிசெய்யத் தெரிந்தவனாக இருப்பான். அவன் நம்பரை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பைபருக்கு மழை ஒரு பொருட்டில்லை. தலைமுடி போன்ற கண்ணாடி நூலுக்குள் வெளிச்சம் ஓடுகிறது, ஈரம் பட்டால் அதற்கென்ன? ஆனால் அந்த நூல் ரோட்டோரக் கம்பங்களில்தான் தொங்குகிறது. மரம் விழுந்தால் போச்சு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது, மண்சரிவில் ரோடு போன இடங்களில் கம்பமும் கேபிளும் சேர்ந்தே போயின. அறுந்த பைபரை ஒட்டுவதற்குத் தனி மெஷின் வேண்டும். டிஷ் திருப்பும் பையனால் ஆகாது, கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், பைபர் மெயின் ரோட்டை விட்டு அவ்வளவு சுலபமாக மேலே ஏறாது. ஹட்டன், நுவரெலியா, கண்டி டவுனுக்குள் வீடு என்றால் இரண்டு பக்கத்து ஆட்களும் கதவைத் தட்டுவார்கள். அங்கே பேரம் பேசுங்கள், பொருத்தும் கூலியைக் குறைக்கச் சொல்லுங்கள், இன்டர்நெட்டும் டிவியும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். டவுனில் பைபர் கிடைத்தால் நான் பைபர்தான் போடுவேன். தேயிலைக்குள் மூன்று மைல் மேலே உள்ள வீட்டுக்குப் போட்டியாவது ஒன்றாவது! டிஷ்தான் கதி. வானத்திலிருந்து வருவதற்குக் கம்பம் நட வேண்டியதில்லை. 2025 ஜூலையில் செய்மதி வழி இன்டர்நெட்டான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்திருக்கிறது, டிவிக்காக மட்டும் அதை வாங்குவது வீண்செலவு.

இணைப்புக்கு எழுதும்போது விலாசம் கேட்பார்கள். இங்கேதான் தடுமாறுவீர்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசமே கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் போகும். "கோயிலுக்கு மேலே இரண்டாவது லயம், கடைசிக் காம்பரா (அறை)" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பொருத்த வரும் அண்ணனுக்கு அது போதும். உள்ளூர்க்காரர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள், நம்மிடம் இருப்பது பாஸ்போர்ட்டும் விசாவும், இரண்டின் நகலையும் கையில் வையுங்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

ஊரில் இருந்த பெட்டியையே சூட்கேஸில் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றும். சிக்னல் இங்கேயும் விழுவது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தா இந்தியாவுக்குள் பார்ப்பதற்கானது. ரீசார்ஜ் செய்து தருகிறோம் என்ற ஒரு கடையில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டினேன். மூன்றாவது வாரம் படம் நின்றது. ரசீதே இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது? செய்திக்கு மட்டும் டிவி வேண்டும் என்பவர்கள் சாதாரண ஆன்டெனா வைத்து சக்தி, வசந்தம், நேத்ரா கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாதக் காசே இல்லை.

கடைசியாக இடி. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் வானம் கறுத்துவிடும். டிஷ் வயர் உலோகம், மின்னலை நேரே பெட்டிக்குள் கொண்டுவரும். கண்ணாடி நூலில் அந்தப் பயம் இல்லை, ஆனால் பைபர் ரவுட்டரும் கரண்டில்தானே ஓடுகிறது, அதன் பிளக்கையும் பிடுங்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முதல் இடி கேட்டதும் டிஷ் வயரைக் கழற்றி ஒரு காலி ஹார்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு மூலையில் வைப்பார். வயரைக் கழற்றியாயிற்றே, போத்தல் எதற்கு அக்கா என்று கேட்டேன். "அது கிடக்கட்டும் தம்பி, நீங்க முதல்ல உங்க வயரைக் கழட்டுங்க" என்றார்.