தாவரவியல் முதலாண்டு: பாடநூலுக்கு முன் கையால் படியுங்கள்

உதகையில் தாவரவியல் படிக்கச் சேர்ந்த முதல் மாதம் லத்தீன் பெயர்களைக் கண்டு அழுதவள் நான். கோத்தகிரியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அந்த அச்சத்தைப் போக்கியது ஒரு தவிட்டுப்பழச் செடி. அதன் பெயர் ரோடோமிர்ட்டஸ் டோமென்டோசா. இலையின் அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள், வெல்வெட் போலிருக்கும். டோமென்டோசா என்றால் அடர்ந்த மென்மயிர் கொண்டது. தொட்டுப் படித்த பெயர் மறக்காது.

அடுத்து, அந்த இலையோடு கொய்யா, நாவல், கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோலத் தெரியும் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். நான்கும் மிர்ட்டேசி குடும்பம். பூவைப் பிளேடால் நெடுக வெட்டினால் சூற்பை மற்ற உறுப்புகளுக்குக் கீழே இருப்பதும் தெரியும். பூவின் உறுப்புகளைக் குறியீடுகளால் சுருக்கிச் சொல்லும் மலர்ச் சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

ஹெர்பேரியத்தை, அதாவது அழுத்தி உலர்த்திய செடிகளின் தொகுப்பை, கடைசிப் பருவம்வரை தள்ளிப்போடாதீர்கள். ஜூலை ஈரத்தில் நான் அழுத்தி வைத்த காட்டுக் காசித்தும்பை, மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துத் தாளோடு ஒட்டிப்போனது. மலையில் முதல் வாரம் தினமும் செய்தித்தாளை மாற்றியே ஆக வேண்டும். ஈரத்தாளை அடுப்பங்கரையில் காயவைத்தால் மறுபடி உதவும். காசித்தும்பை போன்ற மெல்லிய பூக்களைத் தனியே பிரித்து, இதழ்களை விரித்து, மெல்லிய தாளுக்குள் வையுங்கள். ஓரிரு இலைகளின் அடிப்புறம் மேலே தெரியட்டும். பிறகு 42 × 28 செ.மீ. அட்டையில் ஒட்டலாம்.

காப்புக்காட்டில் அனுமதியின்றி ஓர் இலையும் பறிக்காதீர்கள். உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் சாலையோரத்திலேயே கிடைக்கும். வெளியிலிருந்து வந்து சோலையையும் புல்வெளியையும் நெருக்கும் இனங்கள் அவை. அவற்றை அடையாளம் காண்பது நம் மலைக்கும் நல்லது.

1848-இல் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்காவுக்கு மாதம் ஒருமுறை போங்கள். மரத்தின் குடும்பத்தை முதலில் நீங்களே ஊகித்து எழுதிவிட்டு, பிறகு பெயர்ப்பலகையைப் பாருங்கள். எனக்கு முதல் நாள் பத்தில் இரண்டுதான் சரியாக வந்தது. ஆண்டு முடிவில் ஏழு.

பறித்த இடம், அதன் கடல்மட்ட உயரம், தேதி, பூவின் நிறம் ஆகியவற்றை நின்ற இடத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். மையெழுத்து மழையில் கரையும், நிறமோ உலரும்போதே மங்கிவிடும்.