கிரப் வரவில்லையா? அவசரப்பட்டு மறுபடி நிறுவாதீர்கள்

விண்டோஸ் இருக்கும் மடிக்கணினியில் உபுண்டு, மின்ட் போன்ற ஒரு லினக்ஸையும் போடுகிறோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செய்தியும் வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. இல்லையென்றால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒற்றை வரி. உடனே பென்டிரைவைச் செருகி முதலிலிருந்து நிறுவ ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அது வீண் வேலை. லினக்ஸ் வட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். கணினி தொடங்கும்போது அதை எழுப்பிவிட வேண்டிய 'கிரப்' என்ற பூட் லோடர் சரியான இடத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: பென்டிரைவைத் தவறான முறையில் பூட் செய்திருப்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு அநேகக் கணினிகள் யு.இ.எஃப்.ஐ என்ற புதிய தொடக்க முறையில்தான் விண்டோஸோடு வருகின்றன. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் 'லெகசி' என்ற பழைய முறையும் திறந்திருந்தால், பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். யு.இ.எஃப்.ஐ என்று முன்னால் போட்டிருப்பதை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்தால், கிரப்பின் முதல் பகுதி பழைய பாணியில் வட்டின் முதல் 512 பைட்டில் போய் உட்காரும். யு.இ.எஃப்.ஐ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நிறுவும் முன், பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் திரையிலேயே சோதித்துவிடலாம்: 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இ.எஃப்.ஐ' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இருப்பது லெகசியில்.

அடுத்தது, யு.இ.எஃப்.ஐ பூட் கோப்புகளைத் தேடும் வட்டுப் பகுதியான இ.எஃப்.ஐ பார்ட்டிஷன். ஃபேட்32 வகை, பல கணினிகளில் 100 எம்.பி.தான் இருக்கும். பார்ட்டிஷன்களை நாமே பிரிக்கும்போது, 'சும்மா கிடக்கிறதே' என்று இதையும் ஃபார்மட் செய்துவிடுவதுண்டு. விண்டோஸின் பூட் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. அதை அப்படியே வைத்து, 'பூட்/இ.எஃப்.ஐ' என்ற இடத்தில் இணைக்கச் சொன்னால் போதும். வெளி வட்டில் லினக்ஸ் போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: உபுண்டுவின் பழைய நிறுவி, நாம் எந்த வட்டைக் காட்டினாலும், உள்வட்டின் இ.எஃப்.ஐ பார்ட்டிஷனிலேயே கிரப்பை எழுதிவிடும். வெளி வட்டைக் கழற்றியதும் வெறும் கிரப் திரைதான்.

வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் என்றால், பயாஸில் இருக்கும் 'செக்யூர் பூட்' பாதுகாப்பு அமைப்பில் கை வைக்கும் முன் 48 இலக்க மீட்புச் சாவியை எங்காவது எழுதி வையுங்கள்; மாற்றியபின் விண்டோஸ் அதைக் கேட்கலாம். அதே கணினியில் அல்ல! அப்புறம், நிறுவிக்கு வட்டே தெரியவில்லை என்று பயாஸில் வட்டை இயக்கும் முறையை ரெய்டிலிருந்து ஏ.ஹெச்.சி.ஐ-க்குத் திடீரென்று மாற்றினால், லினக்ஸ் வரும், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸை அடுத்த தடவை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு மாற்ற வேண்டும்.

கிரப் மெனு வருகிறது, விண்டோஸை மட்டும் காணோம் என்றால் பதற வேண்டாம். 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் 'ஓ.எஸ். புரோபர்' இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு 'அப்டேட் கிரப்' கொடுங்கள். கிரப்பே தலைகாட்டாமல் விண்டோஸ் மட்டும் வந்தால், முதலில் பயாஸின் பூட் வரிசையில் 'உபுண்டு' என்ற பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை மேலே ஏற்றினால் போதும்.

அதுவும் இல்லை என்றால்தான் லைவ் பென்டிரைவ். 'பூட் ரிப்பேர்' கருவி இருக்கிறது. 'சிரூட்' மூலம் வட்டில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து கையாலேயே கிரப்பை மறுபடி எழுதவும் செய்யலாம். உண்மையிலேயே லெகசி கணினி என்றால், வட்டின் பெயரை மட்டும் கொடுங்கள்: முழு வட்டைக் குறிக்கும் 'எஸ்.டி.ஏ'; அதன் ஒரு பார்ட்டிஷனான 'எஸ்.டி.ஏ1' அல்ல. யு.இ.எஃப்.ஐ கணினி என்றால், பழுதுபார்க்கும் இந்தப் பென்டிரைவையும் யு.இ.எஃப்.ஐ என்று போட்ட வரியிலிருந்தே பூட் செய்யுங்கள்.