கணினிக்கு நாமே செய்யும் ஒலிக்குமிழும் குறுக்குவழிப் பொத்தான்களும்

பாட்டுச் சத்தத்தைக் கூட்டக் குமிழைத் திருகுவதில் இருக்கும் சுகம், விசைப்பலகையில் இரண்டு விசைகளைத் தேடி அழுத்துவதில் இல்லை. ஒரு குமிழும் மூன்று பொத்தான்களும் கொண்ட சிறு கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் பலகை, அதாவது நம் நிரலை ஓட்டும் சிறு மின்னணுப் பலகை. தொடக்கக்காரர்கள் காசை வீணாக்கும் இடம் இதுதான். பலரும் முதலில் வாங்கும் ஆர்டுயினோ உனோ பலகை இதற்கு ஒத்துவராது. அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு யுஎஸ்பி தொடர்பு நேரடியாகக் கிடையாது. இடையில் இன்னொரு சிப் நிற்பதால் கணினி அதை விசைப்பலகையாகப் பார்க்காமல், வெறும் சீரியல் போர்ட்டாகவே (தரவு வந்துபோகும் வழி) பார்க்கிறது. ஏடிமெகா32யு4 சிப் கொண்ட 5 வோல்ட் ப்ரோ மைக்ரோ பலகையை வாங்குங்கள். கணினி அதை விசைப்பலகையாகவே ஏற்றுக்கொள்ளும். அதன் மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட் மட்டும் நோஞ்சான். கேபிளைப் பிடித்து இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும்.

அடுத்து, கேஒய்-040 ரோட்டரி என்கோடர்; திருகுவதையும் அழுத்துவதையும் பலகைக்குச் சொல்லும் குமிழ் இதுதான். அதன் பிளஸ் முனையைப் பலகையின் விசிசியிலும் (மின்சாரம் தரும் பின்), கிரவுண்டை ஜிஎன்டியிலும் (கிரவுண்ட் பின்) இணையுங்கள். திருகலைச் சொல்லும் முனைகளில் சிஎல்கே 2ஆம் பின்னுக்கு, டிடி 3ஆம் பின்னுக்கு; அழுத்தலைச் சொல்லும் எஸ்டபிள்யூ 4ஆம் பின்னுக்கு. 2, 3 இரண்டும் இன்டரப்ட் பின்கள் (மாற்றம் வந்ததும் சிப்பை உடனே கவனிக்க வைப்பவை) என்பதால் குமிழை வேகமாகத் திருகினாலும் கணக்கு தவறாது. பொத்தான்கள் 5, 6, 7இல், மறுமுனை ஜிஎன்டியில். நான்கு கால் பொத்தானில் குறுக்கு மூலையிலுள்ள இரு கால்களை எடுத்தால் குழப்பமே இல்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை (அழுத்தாதபோது பின்னை 1இல் வைத்திருக்கும் ரெசிஸ்டர்) நிரலில் இயக்கிவிட்டால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். ஆனால் அப்போது அழுத்திய பொத்தான் 0 என்றும், அழுத்தாதது 1 என்றும் காட்டும்.

ஆர்டுயினோ மென்பொருளில் லியனார்டோ பலகையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான கீபோர்டு லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒலியைக் கூட்டுவது, குறைப்பது போன்ற மீடியா விசைகள் இல்லை; எச்ஐடி-ப்ராஜெக்ட் லைப்ரரியை நிறுவுங்கள். கூடவே குமிழின் திருகலை எண்ணும் என்கோடர் லைப்ரரி.

இனி நிரல். குமிழ் ஒரு ‘டிக்’ நகர்ந்தால் எண்ணிக்கை பெரும்பாலும் 4 கூடும். அதை அப்படியே அனுப்பினால், விண்டோஸில் விசைக்கு 2 சதவீதம் வீதம் ஒரே டிக்கில் 8 சதவீதம் தாவும், காது கிழியும். 4ஆல் வகுத்து, டிக்குக்கு ஒரு கட்டளை மட்டும் அனுப்புங்கள். குமிழை அழுத்தினால் மியூட்.

பொத்தானின் உலோகத் தொடுமுனை அழுத்தும்போது துள்ளும். ஒரே அழுத்தம் பலவாகப் பதிவாகும். முதல் மாற்றத்துக்குப் பிறகு 20 மில்லிசெகண்ட் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு பொத்தானைப் பாட்டை நிறுத்தி ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவை உங்கள் விருப்பம். செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல்-இசட் இல்லாமல் எனக்கு முடியாது. குறுக்குவழியை அனுப்பியதும் எல்லா விசைகளையும் விடுவிக்கும் கட்டளை கட்டாயம். இல்லையேல் கன்ட்ரோல் அழுத்தியபடியே நின்று, அடுத்து நீங்கள் தட்டும் எழுத்தெல்லாம் கட்டளையாகிவிடும்.

நிரல் தறிகெட்டு விசைகளைக் கொட்டத் தொடங்கினால் பதற வேண்டாம். திருத்திய நிரலுக்கு ‘அப்லோட்’ கொடுங்கள். கம்பைல் (நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவாக்குவது) முடிந்ததும் பலகையின் ஆர்எஸ்டி (ரீசெட்), ஜிஎன்டி பின்களை ஒரு கம்பியால் சட்டென இருமுறை தொடுங்கள். புது நிரலை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் என்ற சிறு நிரல் சுமார் 8 நொடி விழித்திருக்கும். புது நிரல் ஏற அது போதும்.