பிளக்கைக் கழற்றுவது சுலபம், இறுக்குவதில்தான் இருக்கிறது விஷயம்: வீட்டில் மாற்றும்போதும் மெக்கானிக்கிடம் விடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று காரின் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்ற இறங்குகிறவர்கள் முதல் தவறைக் கணக்கில் செய்கிறார்கள். நாலு சிலிண்டர் பெட்ரோல் காருக்குப் பிளக் மாற்ற நம்மூர் ஷெட்டில் கேட்கும் கூலி சில நூறு ரூபாய். பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்த்து வாங்கினால் அதைப் போலப் பல மடங்கு ஆகும். நீண்ட காலம் உழைக்கும் இரிடியம் முனைப் பிளக் போட்டால் அடுத்த முறை மாற்றும் நேரம் வருவதற்குள் காரையே விற்றிருப்பீர்கள். ஆக, பணத்துக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் எதற்காக? உள்ளே போனது எந்தப் பிளக், அது எவ்வளவு இறுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே நிச்சயமாகத் தெரியும். அதற்காகச் செய்யலாம். ஆனால் அந்த இறுக்கத்தில் பிசகினால் அடி வாங்குவது பிளக் இல்லை, அலுமினிய சிலிண்டர் ஹெட். பிளக் எஃகு, ஹெட் அலுமினியம். மரை போனால் பெரும்பாலும் ஹெட் பக்கத்து மரைதான் போகும். அதைச் சரிசெய்ய ஹெலிகாயில், அதாவது புது மரையாக உள்ளே செருகும் கம்பிச்சுருள், போட வேண்டும், நிலைமை மோசமென்றால் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும். இருநூறு ரூபாய்ப் பிளக் பல ஆயிரத்தில் கொண்டுபோய் விடுவது இப்படித்தான்.

தைரியத்தை வைத்து முடிவெடுக்காமல், பானெட்டைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள். மேல் மூடியை எடுத்ததும், பிளக்குக்கு மின்சாரம் தரும் நாலு இக்னிஷன் காயில்கள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தால், பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. இன்று ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். ஆம்னி, ஈக்கோ போன்ற வண்டிகளில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, குனிந்து, இடுக்கில் கைவிட வேண்டும். 2003 முதல் 2008 வரை இங்கே விற்ற ஐ-டிஎஸ்ஐ ஹோண்டா சிட்டியில் நாலு சிலிண்டருக்கு எட்டுப் பிளக்; நாலு முன்பக்கம், நாலு பின்பக்கம். பின்பக்கத்தை எட்டுவது எரிச்சல் பிடித்த வேலை. வி6 என்ஜின்கள் பலவற்றில் காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாமல் பின்வரிசைப் பிளக்கைத் தொடவே முடியாது. இவற்றை மெக்கானிக்கிடம் விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது க்ளோ பிளக், அதன் வேலை வேறு.

எப்போது மாற்றுவது

நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பிளக் பொறி தட்டும். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் 2,000 ஆர்.பி.எம்-மில் ஓடுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதில் ஆயிரம் பொறி. 40,000 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் 4 கோடி முறை பொறி தட்டியிருக்கும். நகர நெரிசலில் இன்னும் அதிகம், ஏனென்றால் மீட்டர் நகராவிட்டாலும் என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து துளி உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமாகிறது, அதைத் தாண்ட காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டியிருக்கிறது. தேய்ந்த பிளக்கோடு வருடக்கணக்கில் ஓட்டினால் காயிலும் சேர்ந்து போவது இதனால்தான்.

கடையில் ‘காப்பர் பிளக்’ என்று கேட்டு வாங்குவது நிக்கல் முனை கொண்ட பிளக். செம்பு உள்ளே நடுத்தண்டில் இருக்கும். அதன் ஆயுள் பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 டிகிரியில். அதனால் இரிடியம் முனையை ஊசி போல மெல்லியதாகச் செய்தாலும் பல கார்களில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்குகிறது. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். நண்பர் காருக்கு எவ்வளவு என்பது உங்களுக்கு உதவாது.

நிக்கல் பிளக்கோடு வந்த காரில் இரிடியம் போட்டால் மைலேஜ் ஏறும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். அடிக்கடி மாற்றும் வேலை மிச்சம், அவ்வளவுதான். முனை தேய்ந்த பழைய பிளக்கை எடுத்துவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும் வண்டி இழுப்பது நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை இரிடியத்துக்குப் போய்ச் சேர்கிறது.

தப்பான பிளக்

பழைய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதே மாதிரி கொடுங்க’ என்று கேட்பது பாதி சரி. முன்பு யாராவது தப்பான பிளக் போட்டிருந்தால் அந்தத் தப்பையே தொடர்வீர்கள். மேனுவலில் உள்ள எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மரையின் விட்டம் பொருந்தினாலும் மரையின் நீளம் மாறலாம். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டில் மூடப்படாமல் மிஞ்சும் மரையில் கரி படிந்து, பின்னால் சரியான பிளக் உள்ளே போக மறுக்கும்.

வெப்ப எண் இன்னொரு குழி. பிளக் தன் வெப்பத்தை எவ்வளவு வேகமாக இறக்கிவிடும் என்பதைச் சொல்வது அது; வேகமாக இறக்கினால் குளிர்ந்த ரகம், மெதுவாக என்றால் சூடான ரகம். என்ஜிகே, டென்சோ கம்பெனிகள் இரண்டிலும் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த ரகம். போஷ், சாம்பியன் இரண்டிலும் நேர்மாறு: எண் கூடினால் சூடான ரகம். ‘அதிலே 6, இதிலேயும் 6, போட்டுக்கலாம்’ என்ற கடைக்காரர் பேச்சை நம்பாதீர்கள். கம்பெனி மாற்றினால் அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் கார் மாடலுக்கு நேரே எழுதியிருப்பதை வாங்குங்கள். அளவுக்கு மிஞ்சிச் சூடாகும் பிளக், பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து பிஸ்டனைப் பதம் பார்க்கும். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்த பிளக்கில் கரி எரியாமல் சேரும்.

போலிகளும் உண்டு. வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் நல்ல பொருளுக்கும் போலிக்கும் இரண்டு கடை தூரம்தான். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், அச்செழுத்து மங்கலாக இருந்தால், நாலு பிளக்கில் நடுமுனை ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் வாங்காதீர்கள். பில் போட்டு வாங்குங்கள்.

இடைவெளி விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள். நிக்கல் பிளக்கை அளந்தே பார்க்காமல் போடுவது ஒன்று. இரிடியம் பிளக்கின் முனைகளுக்கு நடுவே இடைவெளியை அளக்கும் நாணய வடிவ கேஜைத் திணித்து நெம்புவது மற்றொன்று. அந்த மெல்லிய முனை அப்போதே உடைந்துவிடும். என்ஜிகே எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர், 10 என்றால் 1.0. கீழே விழுந்த பிளக்கை, அது எவ்வளவு புதியதாக இருந்தாலும், போடாதீர்கள். பீங்கானில் விழுந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பிளக் மேல் பழி

வண்டி மிஸ்ஸாகிறது, ஐடிலில் ஆடுகிறது என்றதும் பிளக் செட் வாங்க ஓடுகிறோம். முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். அது காட்டும் கோளாறு எண் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நாலாவது. அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. பிளக் மாற்றிப் புண்ணியமில்லை. செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டுவதையே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் விலைக்கு முன் பிளக்கும் காயிலும் ஒன்றுமே இல்லை.

பிளக்கைக் கழற்றியதும் பீங்கானில், உலோக உடலுக்குச் சற்று மேலே பழுப்புக் கறை வளையமாகத் தெரிந்தால் ‘கம்ப்ரஷன் லீக்’ என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் அது உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டி வரும் கறை, கெடுதல் இல்லை. பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் அது வேறு: டாப்பெட் கவர் பக்கத்து சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புதுப் பிளக் போட்டால் காயிலின் ரப்பர் ஊறிக் கெடும்.

கையை வைக்கும்போது

சூடான என்ஜினில் கழற்றாதீர்கள். மாலை ஓட்டி நிறுத்திய வண்டியில் மறுநாள் காலை வேலையைத் தொடங்குவது நல்லது. காயிலைத் தூக்கியதும் அவசரப்பட்டு ராட்செட்டை நுழைக்காமல், குழிக்குள் காற்றடியுங்கள். நம் சாலைகளின் புழுதி அங்கே படிந்திருக்கும். சைக்கிள் பம்பே போதும். பிளக்கை எடுத்த பிறகு காற்றடிப்பது, மணலை நாமே சிலிண்டருக்குள் அனுப்பிவைப்பது.

பழைய காயில் கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு வெப்பத்தில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பழைய ரகக் காரில் பிளக் ஒயர் இருந்தால் ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி எடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் ஒயர் இடம் மாறிப்போகும் குழப்பமே வராது.

கழற்றும்போது பிளக் பாதியில் இறுகி நின்றால் முட்டி மோதாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், கொஞ்சம் உள்ளே திருப்பிக் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். அப்போதும் வரவில்லையா? திருகுவதை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இது மட்டும் கௌரவப் பிரச்சினை ஆகிவிடக் கூடாது.

புதியதை உள்ளே விடும்போது ராட்செட் வேண்டாம். எக்ஸ்டென்ஷனை விரல்களால் மட்டும் பிடித்து, அல்லது பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸைச் செருகி, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரை மரையில் விழும் ‘டக்’ கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். கடைசி வரை விரலாலேயே போக வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஹோஸில் ஒரு நன்மை: கோணலாக ஏறினால் அது வழுக்கிவிடும், மரையைக் கெடுக்கும் பலம் அதற்கு இல்லை.

பிறகு இறுக்கம். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரைப் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் 2.5 முதல் 3 கிலோகிராம்-விசை மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 தான். லாரி வீல் நட்டை இறுக்குவது போலத் தம் கட்டுகிறவர்கள் இந்த எண்களைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். டார்க் ரெஞ்ச் வாங்கும்போதும் கவனம்: அரை இஞ்ச் ரகங்கள் பலவற்றின் அளவு 28-இலோ 40-இலோதான் தொடங்குகிறது, பிளக்குக்கு அவை பயன்படாது. அளவுக்கோடு இரண்டு இருந்தால் எதைப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். அடி-பவுண்டில் 25 என்பது 34 நியூட்டன் மீட்டர்.

டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சுற்றை எண்ணலாம். புதுப் பிளக் விரலால் போய் உட்கார்ந்த பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. புது வாஷர் நசுங்க அது தேவை. கழற்றிய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். வாஷரே இல்லாத கூம்பு வடிவப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு. பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தளர விடுவதும் ஆபத்துதான்: பிளக்கின் வெப்பம் ஹெட்டுக்கு இறங்குவது அந்த இறுக்கத்தின் வழியாகத்தான்.

மரையில் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் ஆன்ட்டி சீஸ் பசையோ தடவலாமா? முலாம் பூசிய பிளக்குகளுக்கு வேண்டாம் என்கிறது என்ஜிகே. வழவழப்பு கூடினால் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

மெக்கானிக்கிடம் கொடுத்தால்

இங்கே நடக்கும் தவறுகள் நம்முடையவை. ‘பிளக் பாத்துடுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது. திரும்பி வந்தால் இரிடியம் முனையில் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருப்பார்கள். நிக்கலுக்குப் பழகிய கை அது. எந்தப் பிளக் என்று எண்ணைச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே வாங்கிக் கொடுங்கள், காற்று கன்னால் இறுக்க வேண்டாம் என்று பணிவாகவே சொல்லலாம். பழைய நாலையும் எந்த சிலிண்டரில் இருந்தது என்ற வரிசையோடு திரும்பக் கேளுங்கள். மூன்று வெளிர் பழுப்பாகவும் ஒன்று மட்டும் எண்ணெய்க் கறுப்பாகவும் இருந்தால், அந்த சிலிண்டரைக் கவனிக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால், மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே பில்லில் பிளக் ஏறியிருக்கிறதா என்று எஸ்டிமேட்டிலேயே பாருங்கள். வாரண்டி உள்ள காராக இருந்தால் அங்கேயே மாற்றிவிடுவது வம்பில்லாத வழி.

சி.என்.ஜி, எல்.பி.ஜி போட்ட காருக்குப் பெட்ரோல் கணக்கு பொருந்தாது. கேஸைப் பற்றவைக்க வோல்டேஜ் அதிகம் தேவை, பிளக் சீக்கிரம் தேயும். கிட் பொருத்தியவர் சொல்லும் இடைவெளியையும் கிலோமீட்டரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்டர் சர்வீஸ் முடித்து வந்த அன்றே வண்டி மிஸ்ஸானால் பிளக் வாங்கப் போகாதீர்கள். காயில்களைத் தூக்கிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்றால் துணியால் உறிஞ்சி, காற்றடித்துக் காயவைத்து, காயிலின் ரப்பரையும் துடைத்துப் போடுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும். அடுத்த முறை பானெட்டுக்குள் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சர்வீஸ் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.